ஐம்பத்தாறு விழுக்காட்டில் ஒரு மலை

மகள் மின்சாரக் கார் வாங்கி வந்த அன்று நான் முதலில் செய்த காரியம், முன்பக்க மூடியைத் திறந்து பார்த்ததுதான். இருபத்திரண்டு வருடமாக ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் நான். டீசல் வண்டியின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தச் சத்தம் வந்தால் எந்தச் சாமான் கெட்டுப்போச்சு என்றும் தெரியும். இந்தக் காரின் மூடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கண்ணாடி துடைக்கும் தண்ணீருக்கு ஒரு குப்பி, பெருவிரல் தடிமனில் ஆரஞ்சு நிற வயர்கள் சில. அவ்வளவுதான்.

"மீதி எங்கடி?" என்று கேட்டேன்.

"கீழ இருக்கும்மா. பேட்டரி மெத்த மாதிரி படுத்திருக்கு," என்றாள்.

நான் நம்பவில்லை. சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துக் கீழேயும் பார்த்தேன். தட்டையாக ஒரு தகடு. ஒரு சொட்டு எண்ணெய்க்கறை கிடையாது. என் வீட்டுக்காரர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, குட்டி போட்டிருக்கா?" என்றார்.

அவர் இருபது வருடம் லோரி ஓட்டியவர். கம்போங் ராஜாவிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஈப்போ மார்க்கெட்டுக்கு வருவார். சிம்பாங் பூலாயிலிருந்து மலை ஏறினால் உச்சியில் ஒரு முச்சந்தி வரும். வலப்பக்கம் திரும்பினால் கம்போங் ராஜா, காய்கறித் தோட்டங்கள், கேமரன் மலை. நேரே போனால் லோஜிங், அப்புறம் மலை இறங்கிக் குவா மூசாங், அதற்கும் அப்பால் கோத்தா பாரு, கடல். இருபது வருடமும் அவர் வலப்பக்கமே திரும்பியிருக்கிறார். ஒரு நாளாவது நேரே போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாராம். முதலாளியின் தக்காளி விடவில்லை.

பிறகு உடம்பு விடவில்லை. ஆறு வருடமாக அவருக்கு ரத்தம் கழுவுகிறார்கள். டயாலிசிஸை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், இயந்திரம்தான் அதை எடுக்க வேண்டும். ஒரு முறை தவறினால் மறுநாளே மூச்சு வாங்கும், பெரியாஸ்பத்திரி வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர் என்று அளவு. அதற்காக ஒரு குப்பியில் நானே பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஆறு வருடத்தில் நாங்கள் ஈப்போவை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. யாராவது கேட்டால், "அவருக்கு எங்கயும் போகப் பிடிக்கல," என்று சொல்லி வந்தேன்.

ஒரு நாள் தொலைக்காட்சிச் செய்தியில் லோஜிங் பக்கம் மண் சரிந்ததைக் காட்டினார்கள். எல்லாரும் சரிந்த மண்ணைப் பார்த்தோம். அவர் ரோட்டைப் பார்த்தார். "பரவால்லயே, நல்லா அகலமாத்தான் போட்டிருக்கான்," என்றார். அதை மகள் பிடித்துக்கொண்டாள். வெளியூரிலும் ரத்தம் கழுவ முன்பதிவு செய்யலாம், ரத்தப் பரிசோதனை முடிவும் ஒரு கடிதமும் இருந்தால் போதும் என்று டயாலிசிஸ் நிலையத்து மிஸ்ஸி சொன்னார். நர்சுகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கோத்தா பாருவில் ஒரு நிலையத்தில் வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு இடம் கிடைத்தது. அதுதான் அன்றைக்குக் கடைசிச் சுற்று. நாலு மணியைத் தாண்டினால் இயந்திரம் கிடையாது என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அங்கே இருந்துவிட்டு, மத்தியானமே கிளம்பி சனிக்கிழமைக்கு ஈப்போ வந்துவிடுவது என்று முடிவானது.

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "இந்த ஒரு தடவ போய்ப் பாப்போம். சரியா வரலன்னா இனிமே எங்கயும் கூப்புடக் கூடாது. சரியா?"

சரி என்றேன். பள்ளி விடுமுறை, எனக்கு வேன் கிடையாது. மகள் காரைத் தந்தாள். எல்லாம் கூடி வந்தது. நாள்காட்டி மட்டும்தான் கூடி வரவில்லை.

எங்கள் வீட்டில் நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பது நான்தான். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. லோரிக்காரனுக்கு முட்டைக்கோசு அழுகுவதுதான் கெட்ட நேரம் என்பார். வியாழக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை வரை எமகண்டம். நோயாளியைக் கூட்டிக்கொண்டு எமன் பெயர் வைத்த நேரத்தில் வாசல் தாண்டுவதா? ஆறு மணிக்கு முன்பே கிளம்பலாம் என்றால், வெளிச்சம் வராமல் அந்த மலையில் ஏறக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஏழரைக்குப் பிறகு என்றால் மூன்றரைக்குப் போய்ச் சேர்வது இழுபறி. புதன்கிழமையே போகலாம் என்றால் மகள் வேலை முடிந்து காரோடு வருவதே ஆறரை மணிக்கு.

இதற்கு எங்களிடம் ஒரு மாற்று உண்டு. முதல் நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் எந்த நேரத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். நான் பிறந்த ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் இது சர்வசாதாரணம். ஒரு வீட்டுப் பை இன்னொரு வீட்டில் தூங்கும். புந்தோங்கில் எங்கள் அடுத்த வீட்டுச் சீனப் பெரியவரும் என் பைகளை வாங்கி வைத்துப் பழகியவர்தான். ஆனால் அந்த வாரம் பார்த்து அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். கதவில் பூட்டு.

புதன்கிழமை மகள் ஆறரை மணிக்குக் காரை வீட்டுக்குள் விட்டு, சுவர் பிளக்கில் சொருகிவிட்டு, குளித்துவிட்டு ஓடினாள். அன்றைக்கு அவளுக்கு இன்னொருத்திக்குப் பதிலாக ராத்திரி ஷிப்டும் இருந்தது. வாசலில் தொழிற்சாலை வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. "காலைல வரைக்கும் பிளக்க எடுத்துறாதீங்கம்மா," என்று செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினாள். நல்ல நேரம் ஏழரையோடு முடிகிறது. பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பை எதற்கு, காரையே வெளியே வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு இருபதுக்குப் பிளக்கை எடுத்தேன். காரை வாசல் கதவுக்கு வெளியே, ரோட்டோரம் நிறுத்தினேன். சக்கரத்தில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். திரும்ப வயரைச் சொருகலாம் என்று இழுத்துப் பார்த்தால், வயர் வாசல் கதவோடு நின்றுவிட்டது. காரை மறுபடி உள்ளே விடலாமா? புறப்பட்ட வண்டி திரும்பி வாசல் ஏறினால் வைத்த பரஸ்தானம் வீண். போதாததற்கு, ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டால் கைப்பேசி வீங்கிப்போகும் என்று மகளே என்னைத் திட்டியிருக்கிறாள். கார் மட்டும் வீங்காதா? இப்படி எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு வயரைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

காலை ஆறரைக்குக் காரில் உட்கார்ந்தபோது திரையில் 56 என்று இருந்தது. அவர் பார்த்துவிட்டார்.

"நூறு இருக்கணும் இல்ல?"

"அதெல்லாம் போதுமாம். மக சொன்னா," என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

சிம்பாங் பூலாய் வரைக்கும் எனக்குப் பயம் தெரியவில்லை. அந்தக் கார் ஓடும் அதிசயமே போதுமாக இருந்தது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, உறுமல் இல்லை. காலை வைத்தால் போகிறது. எங்கிருந்து போகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. என் வேனில் ஒரு லோரியை முந்த வேண்டுமென்றால் பத்து நிமிடம் முன்பே மனதைத் தயார் செய்ய வேண்டும். இது மிதித்த உடனே பாய்ந்தது. "மெல்லமா," என்றார் அவர். "சத்தமே இல்லாம இது என்னா, களவாணிக் காடி மாதிரி." இங்கே காருக்குக் காடி என்றுதான் பெயர். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன் மூச்சு எனக்குக் கேக்குது," என்றார். முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் அவர் அதைக் கேட்டதில்லையாம். லோரியில் போனால் எப்படிக் கேட்கும்!

மலை தொடங்கியதும் எண்கள் இறங்க ஆரம்பித்தன. ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று போனது. 48, 47, 46. அவருக்கோ ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை இருந்தது. இங்கேதான் பிரேக் சூடாகிப் புகை வந்தது. இங்கே ஒரு தடவை கயிறு அறுந்து முட்டைக்கோசெல்லாம் ரோட்டில் உருண்டு, பின்னால் வந்த கார்க்காரர்கள் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார்கள். நாலைந்து பேர் கொடுக்காமலும் போனார்கள். நான் "ம்" கொட்டினேனே தவிர, ஒரு கதையும் காதில் விழவில்லை. 35, 34. மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன், பெருக்கிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் குவா மூசாங் வரவில்லை. அங்கேதான் பெட்ரோல் போடும் ஓர் எண்ணெய் நிலையத்தில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் கருவி இருக்கிறது என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்பது இதுதான்.

உச்சி முச்சந்திக்கு வந்தபோது மணி எட்டே முக்கால். திரையில் 18. இன்னும் 47 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. குவா மூசாங்குக்குத் தொண்ணூறுக்கு மேல். சோளம் விற்கிற கடை ஒன்றின் முன்னால் காரை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். குளிர்ந்த காற்று. 

"அக்கா, இங்க கரண்டுக் காடிக்கு சார்ஜ் போடுற எடம் இருக்கா?" என்று கடைக்கார அம்மாவைக் கேட்டேன்.

"வலப்பக்கம் போனா பிரிஞ்சாங்ல ஒன்னு இருக்கும்மா. ஆனா ஸ்கூல் லீவுலா, நேத்து அங்க போய்ட்டு வரவே மூணு மணி நேரம் ரோடு ஜேம். சார்ஜருக்கு வேற க்யூ நிக்கிறாங்க."

"நேரா போனா?"

"நேரா போனா ஒன்னும் இல்ல. காடுதான். ஆனா எறக்கம். லோரிக்காரங்க சொல்லுவாங்க, கீழ ஆத்துப் பாலம் வரைக்கும் எண்ணெயே வேணாம்னு."

காருக்குத் திரும்பினேன். பிரிஞ்சாங் போனால் நாலு மணிக்குள் கோத்தா பாரு கிடையாது. நேரே போய் நடுக்காட்டில் நின்றுவிட்டால், போனும் எடுக்காத இடத்தில், இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? மூன்றாவது வழி ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. "திரும்பிருவோம்ங்க," என்றேன். "ஈப்போவுக்கும் எறக்கம்தான். நம்ம சென்டருக்கு போன் அடிச்சுச் சொன்னா சாயந்திரம் ஒரு மிஷின் தருவாங்க. இன்னொரு நாள் வருவோம்."

"மொதல்ல இதச் சொல்லு. ஏன் அம்பத்தாறுல கெளம்புனோம்?"

சொன்னேன். எமகண்டம், பூட்டிய வீடு, ஏழு இருபது, எட்டாத வயர், எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் கத்தலாம், ஒரு வழியாக முடிந்துவிடும். அவர் கத்தவில்லை.

"ஆறு வருஷமா நீ இததான் பண்ற," என்றார்.

"எத?"

"மலாக்காவுக்கு ரெண்டு நாள் போலாம்னேன். அஷ்டமின்ன. பினாங்குக்குக் கேட்டேன். கரிநாள்ன. என் தம்பி வீட்டுக்குப் போலாம்னேன், சந்திராஷ்டமம்ன. எனக்கு நாள் பாக்கத் தெரியாது. ஆனா ஒன் மூஞ்சியப் பாக்கத் தெரியும். பயந்து போறன்னு தெரிஞ்சப்பறம் கேக்கறத நான் வுட்டுட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நானா? நீங்கதானே சரியா வரலன்னா இனிமே கூப்புடக் கூடாதுன்னு சட்டம் பேசுனீங்க!"

"சரியா வரலன்னா நீ தாங்க மாட்ட. அதுக்கப்பறம் திரும்பத் திரும்ப ஒன்னைய ஏன் கஷ்டப்படுத்தணும்? அதுக்குத்தான் சொன்னேன்."

  மலாக்கா அஷ்டமி எனக்கு நினைவிருந்தது. அன்றைக்கு நாள்காட்டியைப் புரட்டும்போது, கெட்ட நாளாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு புரட்டியதும் நினைவிருந்தது. வழியில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாள்காட்டியை முன்னால் நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். ஊரெல்லாம் பழியை மட்டும் அவர் மேல் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, கோபமும் போகவில்லை.

"நீ ஓட்டுறவ. நீயே சொல்லு," என்றார். "திரும்புனா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா என்னையக் கேட்டா, நேரா வுடு."

 நேரே விட்டேன்.

இறக்கம் தொடங்கியதும் அவருக்குள் இருந்த லோரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "ஃப்ரீல போடு," என்றார். டீசல் மிச்சம் பிடிக்க அந்தக் காலத்து லோரிக்காரர்கள் இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டுச் சும்மா உருளவிடுவார்கள். வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் பதினெட்டு விழுக்காடு யாரையும் லோரிக்காரராக்கிவிடும். N-இல் போட்டேன். கார் கழன்றுகொண்டு பாய்ந்தது. இத்தனை கனமான வண்டியா இது என்று அப்போதுதான் தெரிந்தது. படுத்திருக்கிற மெத்தையெல்லாம் சேர்ந்து தள்ளியது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்தி அழுத்தித் திருப்பினேன். ரப்பர் கருகும் வாசனை வேறு. நாலைந்து கிலோமீட்டர் இப்படியே போனோம். திரையில் 18, அசையவே இல்லை.

"கொறையல பாத்தியா?" என்றார் பெருமையாக.

"கொறையல. நாமதான் கொறஞ்சுருவோம்," என்று சொல்லிவிட்டு மறுபடி D-இல் போட்டேன். காலை எடுத்தேன்.

யாரோ பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்த மாதிரி கார் மெதுவானது. பிரேக்கைத் தொடவேயில்லை. திரையின் ஓரத்தில் இதுவரை நான் பார்க்காத பச்சைக் கோடு ஒன்று நீண்டது. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. பதினெட்டு பத்தொன்பதாயிற்று.

"ஏய்!" என்றார்.

"நானும் பாத்தேன்."

"ஏறுதா?"

"ஏறுது!"

நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு அந்த எண்ணைப் பார்த்தோம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இந்தக் கார் சறுக்கும்போதுதான் ஏறியது. எப்படி என்று யோசித்து யோசித்து, என் அண்ணனின் பழைய சைக்கிளில் வந்து நின்றேன். சக்கரத்தில் உரசும் டைனமோவைத் தட்டிவிட்டால் விளக்கு எரியும், ஆனால் மிதி கனத்துப்போகும். இங்கேயும் சக்கரம்தான் உருண்டு உருண்டு மின்சாரம் செய்கிறது. அந்தக் கனம்தான் சேலையைப் பிடித்து இழுக்கிறது. N-இல் போட்டால் சக்கரம் சும்மா சுற்றும், ஒன்றும் செய்யாது. நான் கண்டுபிடித்ததை அவரிடம் சொன்னேன். "அப்ப இருவது வருஷமா அந்த எறக்கத்தையெல்லாம் நான் பிரேக்லயே தேச்சுக் கருக்கியிருக்கேன்," என்றார்.

20, 21, 22. ஒவ்வொன்றையும் அவர் சத்தமாகச் சொன்னார். இருபத்திரண்டில் ஆற்றுப் பாலம் வந்தது, இறக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு காடு, செம்பனைத் தோட்டம், மறுபடி காடு. ஏர்கோனை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தோம். அறுபதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்தினார்கள். ஒரு குடிசைக்கு முன்னால் காட்டுத்தேன் குப்பிகள் வரிசையாக இருந்தன. "நிறுத்து, என்னான்னு பாப்போம்," என்றார். "பன்னண்டு விழுக்காடு இருக்கு, இப்பத் தேன் கேக்குதா?" என்று கத்தினேன். அவருக்கு அது உறைக்கவேயில்லை. இந்த ஆறு எங்கே போகிறது, அந்த மரத்துக்கு என்ன பெயர், கம்பத்திலிருந்து கம்பத்துக்கு வயர் எப்படி இழுத்திருப்பான் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டு எட்டாகும் வரை நான் மட்டும்தான் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும், அவரை இப்படிக் கேள்வி கேட்கிற ஆளாக நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

குவா மூசாங்கின் சுண்ணாம்புப் பாறை கண்ணில் பட்டபோது 5. எண்ணெய் நிலையத்துக்குள் திரும்பியபோது 4. அங்கே எங்களுக்கு முன்னால் வேறொரு கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காரை ஓட்டி வந்த மலாய்க்காரர் பக்கத்துக் கடையில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிலைமையைச் சொன்னேன். பாதிச் சோற்றோடு எழுந்து வந்து தன் வயரைப் பிடுங்கிக்கொண்டார். எண்பதாகிவிட்டது, போதும் என்றார். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படியும் நாங்கள் கிளம்பும்போது மணி பன்னிரண்டரை. வழியில் கோலக் கிராயில் லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். கோத்தா பாருவில் ஒரு முறை வழி தவறினோம். நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது சுவரில் மணி மூன்று ஐம்பத்திரண்டு.

எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ கூடியிருந்தது, பரவாயில்லை. சன்னலோரம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மிஸ்ஸி அவர் கையைத் தடவிப் பார்த்து இரண்டு ஊசிகளையும் ஏற்றினார். குழாய் சிவந்தது, இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகுதான் சுவரில் சாய்ந்தேன். அவர் அதையும் பார்த்தார்.

மிஸ்ஸி ஒரு படிவத்தை எடுத்து வந்தார். சனிக்கிழமை ஈப்போவுக்குத் திரும்பிவிடுவீர்கள்தானே, அவர்களுக்கு இன்றைய குறிப்பை அனுப்ப வேண்டும் என்று மலாயில் கேட்டார். அவரைத்தான் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பினார். வழக்கமாக அவர் இப்படித் திரும்பும்போது எனக்கு ஒரு காரணம் தயாராக இருக்கும்.

"கோலத் திரங்கானுல சனிக்கிழமை ஒரு மிஷின் கிடைக்குமான்னு கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றேன். கடலோரமாகவே தெற்கே போனால் அடுத்து வரும் பட்டணம் அது.

மிஸ்ஸி போனை எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவதும், தலையாட்டுவதும், எழுதுவதும் தெரிந்தன. திரும்பி வந்து, காலை ஏழு மணி, முதல் சுற்று, பெயர் எழுதிவிட்டேன் என்றார்.

 "பயமா இல்லையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இருக்கு," என்றேன். அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னதே கிடையாது.

"எனக்குந்தான்," என்றார்.

ஈப்போவில் என்றால் நான் வெளியே காத்திருப்பேன். அந்தக் குழாய்களைப் பார்க்க என்னால் முடியாது. அன்றைக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, ஊசி இல்லாத கைப்பக்கம் உட்கார்ந்தேன்.